ஹெர்பீஸ் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ட எப்பிடி வாசிக்கிறது

ஹெர்பீஸ் டெஸ்ட் ரிப்போர்ட் பிடிஎஃப்பா போனுக்கு வந்த உடன எல்லாரும் தேடுறது ஒரே ஒரு சொல்லத்தான், பொசிட்டிவ்வா நெகட்டிவ்வா. அதுக்குப் பக்கத்தில ஒரு நம்பர் கிடக்கும், அதுக்கும் பக்கத்தில ரெஃபரன்ஸ் ரேஞ்ச் எண்டு பொடி எழுத்தில இருக்கும், மேல டெஸ்ட்டின்ர முழுப்பேர் இருக்கும், அதுகள ஒருத்தரும் பாக்கிறேல்ல. இந்த டெஸ்ட்டப் பொறுத்தவரைக்கும் அந்தப் பொசிட்டிவ் எண்ட சொல்ல விட மற்ற மூண்டும்தான் கனக்க சொல்லும். நான் கொழும்பில ஒரு லாப்ல எம்எல்டியா, அதாவது டெஸ்ட்டுகள செய்யிற ஆளா, வேலை செய்யிறன், டொக்டர் இல்லை, ஆருக்கும் மருந்து சொல்லவும் மாட்டன், ஆனா அந்த நம்பர் எங்கயிருந்து வருது எண்டு தெரியும். ராத்திரி ரிப்போர்ட்ட திறந்து பாத்திட்டு விடியும் வரைக்கும் நித்திரை இல்லாம கூகிள் பண்ணிக்கொண்டு கிடக்கிற ஆளுக்காகத்தான் இத எழுதுறன்.

முதல்ல அடிப்படை. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ரெண்டு வகை, எச்எஸ்வி 1, எச்எஸ்வி 2. ஒண்டாவது பெரும்பாலும் வாய்ப்பக்கம், காய்ச்சல் வந்தாலோ உடம்பு களைச்சாலோ உதட்டோரத்தில கொத்தா நீர்க்கொப்புளம் போடுமே அதுதான். ரெண்டாவது பெரும்பாலும் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம், உடலுறவால தொத்திறது. வாய்வழி உறவால ஒண்டாவது வகையும் பிறப்புறுப்புக்கு வரும். உலக சுகாதார அமைப்பு 2020க்கு போட்ட மதிப்பீட்டில 50 வயசுக்கு கீழ்ப்பட்ட ஆக்களில 380 கோடி பேருக்கு, அதாவது 64 வீதம் பேருக்கு, எச்எஸ்வி 1 இருக்கு, 15இலயிருந்து 49 வயசுக்குள்ள 52 கோடி பேருக்கு எச்எஸ்வி 2 இருக்கு. உடம்புக்குள்ள வந்தா நரம்பு முடிச்சுக்குள்ள போய் ஒளிஞ்சிரும், ஆயுசுக்கும் அங்கதான் இருக்கும், மருந்தால அடக்கலாம், துடைச்செறிய ஏலாது. கனபேருக்கு அது இருக்கிறதே தெரியாது. இன்னொண்டு, ஹெர்பீஸ் சொஸ்டர் எண்டு ஆரும் சொன்னா அது அக்கி, சின்னம்மை வைரஸ் திரும்ப வாறது, குடும்பம் ஒண்டெண்டாலும் வைரஸ் வேற, அதுக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்ப ரிப்போர்ட்ட எடுங்கோ. நம்பருக்கு போக முதல் டெஸ்ட்டின்ர பேர வாசியுங்கோ. ஐஜிஜியா ஐஜிஎம்மா? ரெண்டும் கிருமிக்கு எதிரா உடம்பு செய்யிற அன்ரிபொடியின்ர வகைகள். எச்எஸ்வி 1, எச்எஸ்வி 2 எண்டு ரெண்டு வரி தனித்தனியா இருக்கா, இல்லாட்டி எச்எஸ்வி 1/2 எண்டு ஒரே வரியா இருக்கா?

ஒரே வரியா சேத்துப் போட்ட டெஸ்ட்டில பொசிட்டிவ் எண்டா ரெண்டில ஏதோ ஒண்டு இருக்கலாம் எண்டு மட்டும்தான் அர்த்தம். பெரியாக்களில அரைவாசிக்கு மேற்பட்ட ஆக்களுக்கு ஒண்டாவது வகை இருக்கேக்க, அந்தச் சேர்ந்த பொசிட்டிவ் உங்களப்பற்றி புதுசா ஒண்டும் சொல்லேல்ல. அத வச்சு எனக்கு பாலியல் நோய் எண்டு முடிவெடுக்க ஏலாது, டொக்டரிட்ட கேட்டு வகை பிரிச்சுப் பாக்கிற டெஸ்ட் செய்யோணும்.

ஐஜிஎம் எண்டா இன்னும் கவனம். ஐஜிஎம் பொசிட்டிவ் எண்டா புதுசா இப்பதான் தொத்தியிருக்கு எண்டு பொதுவா ஒரு நினைப்பு இருக்கு, மற்ற சில வருத்தங்களுக்கு அது ஓரளவுக்கு சரி, ஹெர்பீஸுக்கு சரிவராது. பழைய ஹெர்பீஸ் திரும்பக் கிளம்பேக்கயும் ஐஜிஎம் ஏறும், அதே குடும்பத்து மற்ற வைரசுகளோடயும் குழம்பும், 1ஆ 2ஆ எண்டும் ஒழுங்கா பிரிச்சு சொல்லாது. அமெரிக்காவின்ர நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசி தன்ர வழிகாட்டல்ல ஹெர்பீஸுக்கு ஐஜிஎம் செய்ய வேண்டாம் எண்டே எழுதியிருக்கு. எஸ்டிடி, அதாவது பாலியல் நோய், பெக்கேஜ் எண்டு மொத்தமா போடுற டெஸ்ட்டுகளுக்குள்ள இது சேந்து வந்திட்டுது எண்டா, அந்த வரிய மட்டும் வச்சு வீட்டில ஆரோடயும் கதைக்க வெளிக்கிடாதீங்கோ, தயவு செய்து. இந்த ஒரு வரியால முறிஞ்சு போகப் பாத்த நிச்சயதார்த்தம் எனக்குத் தெரியும்.

அப்ப பாக்க வேண்டியது, வகை பிரிச்ச ஐஜிஜி. அந்த நம்பர் எப்பிடி வருது எண்டு கொஞ்சம் உள்ளுக்க கூட்டிக்கொண்டு போறன், இது விளங்கினா மிச்சம் தானா விளங்கும். எலைசா பிளேட் எண்டு ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கையளவு, அதில 96 குட்டிக் குழி. ஒவ்வொரு குழிக்கும் அடியில எச்எஸ்வி 2இன்ர மேல்தோல்ல இருக்கிற ஒரு புரதம் ஒட்டியிருக்கும், ஜிஜி 2 எண்டுறது, எச்எஸ்வி 1க்கு ஜிஜி 1, இந்தப் புரதம் ரெண்டு வகையிலயும் நல்லா வித்தியாசப்படுறதாலதான் வகை பிரிக்கவே ஏலுது. உங்கட ரத்தத்திலயிருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர, சீரம் எண்டுறத, ஐதாக்கி ஒரு குழிக்குள்ள விடுவம், உங்கட உடம்பில அந்தப் புரதத்துக்கு எதிரான அன்ரிபொடி இருந்தா அது ஒட்டும். பிறகு கழுவி, நிறம் காட்டுற என்சைம் பூட்டின இன்னொரு அன்ரிபொடி விட்டு, திரும்பக் கழுவி, கடைசியா நிறம் வாற திரவம் விட்டா நீலம் பிடிக்கும், நிப்பாட்டுற அமிலம் விட்ட உடன அது மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் எண்டு மிஷின் வெளிச்சம் விட்டு அளக்கும். அதே தட்டில இன்னொரு குழியில கட்ஆஃப் எண்டு கொம்பனி தந்த ஒரு சாம்பிள் இருக்கும், உங்கட மஞ்சள அந்தக் கட்ஆஃப்பின்ர மஞ்சளால வகுத்தா வாறதுதான் உங்கட ரிப்போர்ட்டில இருக்கிற நம்பர். கட்ஆஃப் 0.25, உங்கட குழி 0.45 எண்டா 1.8. அவ்வளவுதான்.

அதாவது அந்த நம்பர் ஒரு நிறத்தின்ர விகிதம். உங்கட உடம்பில எத்தின வைரஸ் இருக்கு எண்டு அது எண்ணேல்ல. எப்ப தொத்தினது, எந்த இடத்தில இருக்கு, எவ்வளவு கடுமை, மற்றவைக்கு எவ்வளவு கெதியா தொத்தும், இதொண்டும் அதுக்குள்ள இல்லை. 12 வந்த ஆளுக்கு 5 வந்த ஆள விட வருத்தம் கூட எண்டு நினைச்சு அழ வேண்டிய தேவையே இல்லை.

இனி எல்லைகள். இந்த விகிதத்த இன்டெக்ஸ் எண்டு போடுற கனக்க டெஸ்ட் கிட்டுகளில 0.90க்கு கீழ நெகட்டிவ், 1.10க்கு மேல பொசிட்டிவ், நடுவில இருக்கிறது ஈக்குவிவோக்கல், அதாவது ரெண்டும் இல்லாத நிலை. ஆனா எல்லா லாபும் ஒரே கிட் பாவிக்கிறேல்ல. சில கிட்டுகள் ஆர்யூ எண்டோ யூனிட் எண்டோ வேற அளவில போடும், அங்க 16, 22 எண்டு எல்லை இருக்கும், அந்த ரிப்போர்ட்டில 18 எண்டு கண்டிட்டு ஐயோ 1.1 தானே எல்லை எனக்கு 18 வந்திருக்கு எண்டு நெஞ்சடைச்சுப் போற ஆக்கள் இருக்கினம், அந்த அளவில 18 எண்டுறது வெறும் நடுநிலை. அதால உங்கட நம்பர உங்கட ரிப்போர்ட்டிலயே இருக்கிற ரெஃபரன்ஸ் ரேஞ்சோட மட்டும் ஒப்பிடுங்கோ, நெட்டில வேற ஆரோ போட்ட நம்பரோட இல்லை. இன்டெக்ஸா வேற யூனிட்டா எண்டு எழுதாம விட்டிருந்தா லாபுக்கு போன் எடுத்து கிட் என்ன, யூனிட் என்ன எண்டு கேளுங்கோ, சொல்லுவினம், அது உங்கட உரிமை.

இப்ப நான் உண்மையா எழுத வந்த இடத்துக்கு வாறன். எச்எஸ்வி 2 ஐஜிஜி, இன்டெக்ஸ் 1.1க்கும் 3.0க்கும் நடுவில, பக்கத்தில பொசிட்டிவ் எண்டு கொட்டை எழுத்தில.

இந்த இடத்தில வாற பொசிட்டிவ்வ அப்பிடியே நம்பக் கூடாது. பெருவாரியா பாவிக்கிற ஹெர்பசெலக்ட் எண்ட கிட்ட வெஸ்டர்ன் பிளொட் எண்ட கூடத் துல்லியமான டெஸ்ட்டோட வச்சுப் பாத்த ஒரு ஆய்வ சிடிசி 2021 வழிகாட்டல்ல எடுத்துச் சொல்லுது, அதில இந்தக் குறைஞ்ச நம்பருகளில வந்த பொசிட்டிவ்வுகளில கனக்க பிழையா போயிருக்கு. அதாலதான் 3.0க்கு கீழ வாறத வேற முறையால உறுதிப்படுத்தச் சொல்லினம். ஏன் பிழைக்குது எண்டா, உங்கட ரத்தத்தில ஆயிரத்தெட்டு அன்ரிபொடி இருக்கு, அதில ஏதோ ஒண்டு அந்தப் புரதத்தில லேசா ஒட்டினாலே கொஞ்சம் மஞ்சள் பிடிக்கும். எச்எஸ்வி 1 ஏற்கனவே இருக்கிற ஆக்களில இது கூட நடக்குது எண்டும் கண்டிருக்கினம்.

இதுக்குள்ள இன்னொரு கணக்கும் இருக்கு, அத போட்டுக் காட்டுறன். 1000 பேர எடுங்கோ, அதில 20 பேருக்குத்தான் உண்மையா எச்எஸ்வி 2 இருக்கு எண்டு வைப்பம், டெஸ்ட் அந்த 20 பேரையும் பிடிச்சிடும் எண்டும் வைப்பம். மிச்சம் 980 பேரில 100க்கு 3 பேருக்கு பிழையா பொசிட்டிவ் காட்டினா அது 29 பேர். இப்ப பொசிட்டிவ் ரிப்போர்ட் கையில வச்சிருக்கிறது 49 பேர், அதில 29 பேருக்கு வைரஸே இல்லை. 97 வீதம் சரியா சொல்லுற டெஸ்ட்டாலயே இப்பிடி நடக்கும், காரணம் டெஸ்ட் செய்த கூட்டத்தில அந்த வருத்தம் குறைவு. அமெரிக்காவில தடுப்பு மருத்துவத்துக்கு எண்டு இருக்கிற நிபுணர் குழு 2016லயும் பிறகு 2023லயும், அறிகுறி ஒண்டும் இல்லாத ஆக்களுக்கு, கர்ப்பிணிகளையும் சேத்து, ஹெர்பீஸ் பிளட் டெஸ்ட்ட சும்மா செய்து பாக்க வேண்டாம் எண்டு சொன்னது இதாலதான். அங்க அப்பிடி எல்லாருக்கும் செய்தா வாற பொசிட்டிவ்வில கிட்டத்தட்ட அரைவாசி பிழையா இருக்கும் எண்டு அவை கணக்குப் போட்டவை. இதயெல்லாம் எங்கட ரிப்போர்ட்டுகளில ஒரு சின்ன குறிப்பா அடியில போடோணும் எண்டு எனக்கு கனகாலமா ஒரு ஆதங்கம், ஒரு வரி காணும், எத்தின பேர் நிம்மதியா நித்திரை கொள்ளுவினம்.

அப்ப குறைஞ்ச பொசிட்டிவ் வந்தா என்ன செய்யிறது. முதல்ல, கடைசியா ஆபத்து இருக்கக்கூடிய உறவு எப்ப எண்டு திகதிய யோசியுங்கோ. ஐஜிஜி உடன வராது, சிலருக்கு ரெண்டு மூண்டு கிழமையில வரும், சிலருக்கு 12 கிழமையும் எடுக்கும். அந்தத் தொடர்பு நடந்து 12 கிழமை ஆகேல்ல எண்டா, ஆன பிறகு திரும்பச் செய்யுங்கோ. உண்மையா புதுத் தொற்று எண்டா நம்பர் நல்லா மேல ஏறியிருக்கும். 1.6 இருந்தது 1.5ஆகவோ 1.8ஆகவோ அங்கினேக்கையே நிண்டா அது அந்த லேசான ஒட்டலா இருக்கலாம். ரெண்டாவது, கிட்ட மாத்தோணும். அதே கிட்டில திரும்பத் திரும்பச் செய்தா அதே பிழைதான் திரும்பத் திரும்ப வரும், அதால வேற முறை பாவிக்கிற லாப்ல செய்யோணும், எந்த லாப்ல என்ன முறை எண்டு கேட்டிட்டு ரத்தம் குடுங்கோ. வெஸ்டர்ன் பிளொட்ட எல்லாரும் நெட்டில கண்டிட்டு கேக்கினம், அது பேர்போனது அமெரிக்காவில சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழக லாப், கொழும்பில இருந்து சீரம் அனுப்புறது லேசான காரியம் இல்லை, பெரும்பாலான ஆக்களுக்கு தேவையும் இல்லை, முன்னம் சொன்ன ரெண்டையும் ஒரு வெனரோலொஜிஸ்ட்டோட, அதாவது பாலியல் நோய் டொக்டரோட, கதைச்சுச் செய்தாலே காணும்.

நம்பர் 3க்கு நல்லா மேல போயிட்டுது, 7, 10 எண்டு நிக்குது எண்டா அது உண்மையா இருக்கிறதுக்கு சாத்தியம் கூட. எச்எஸ்வி 2 வாயில வாறது அரிது, அதால புண்ணே ஒரு நாளும் வராத ஆளெண்டாலும் கீழ்ப்பக்கத்தில இருக்கு எண்டுதான் எடுப்பினம். ஒரு அறிகுறியும் இல்லாம இருக்கிறது அதிசயம் இல்லை, அமெரிக்காவில எச்எஸ்வி 2 இருக்கிற ஆக்களில பத்தில எட்டுப் பேருக்கு மேல தங்களுக்கு இருக்கு எண்டு ஒரு டொக்டரும் சொல்லாத ஆக்கள்தான்.

எச்எஸ்வி 1 மட்டும் பொசிட்டிவ், 2 நெகட்டிவ். இந்த ரிப்போர்ட்ட வச்சு உடைஞ்சு போற ஆக்களத்தான் நான் கனக்க காணுறன், அவைக்குத்தான் உடைய வேண்டிய தேவை ஆகக் குறைவு. சின்ன வயசில ஆச்சியோ சித்தியோ உதட்டில புண்ணோட கொஞ்சினதால வந்திருக்கலாம், பள்ளிக்கூடத்தில ஒரே போத்தில்ல தண்ணி குடிச்சதாலயும் இருக்கலாம். எங்க இருக்கு எண்டு ரத்தம் சொல்லாது, வாயிலயா கீழயா எண்டு புண் வந்த இடம்தான் சொல்லும். பிறப்புறுப்பில எச்எஸ்வி 1 இருந்தாலும் அது 2 மாதிரி அடிக்கடி திரும்ப வாறேல்ல.

ரெண்டும் நெகட்டிவ் எண்டா, 12 கிழமை தாண்டிச் செய்திருந்தா எச்எஸ்வி 2 பக்கம் நிம்மதியா இருக்கலாம். எச்எஸ்வி 1 பக்கம் அவ்வளவு உறுதியா சொல்ல ஏலாது, அந்த டெஸ்ட் இருக்கிற ஆக்களிலயே பத்தில மூண்டு பேர தவறவிடும். உதட்டில வருசத்துக்கு ரெண்டு தரம் கொப்புளம் வாற ஆளுக்கு எச்எஸ்வி 1 நெகட்டிவ் எண்டு வந்தா டெஸ்ட்ட நம்பாதீங்கோ, உதட்ட நம்புங்கோ. ஈக்குவிவோக்கல் எண்டு வந்தா ஒண்டும் யோசிக்காம கொஞ்சக் காலம் விட்டுத் திரும்பச் செய்யுங்கோ.

ஆரால வந்தது எண்ட கேள்விக்கு வருவம், ஏனெண்டா முக்கால்வாசிப் பேருக்கு உள்ளுக்க எரியிற கேள்வி அதுதான். கலியாணம் கட்டி எட்டு வருசம், இப்ப மனுசிக்கு பொசிட்டிவ், மனுசனுக்கு நெகட்டிவ், அப்ப இவ ஆரோட? இப்பிடித்தான் வெடிக்கும். ஐஜிஜி திகதி சொல்லாது. ஒருக்கா வந்த ஐஜிஜி பெரும்பாலும் வருசக்கணக்கா இருக்கும், சில மாதத்துக்கு முந்தி தொத்தினதுக்கும் கலியாணத்துக்கு முந்தி தொத்தினதுக்கும் அந்தத் தட்டில ஒரே மஞ்சள்தான். முதல் புண்ணே தொத்தி பல வருசத்துக்குப் பிறகு வரலாம். ஒரே கட்டில்ல எத்தினயோ வருசம் படுத்த சோடியில ஒருத்தருக்கு இருந்து மற்றவருக்கு வராம இருக்கிறதும் வழமையான ஒண்டு. அதோட அந்தப் பொசிட்டிவ்வே 1.4 எண்டா, இல்லாத வைரசுக்காக ஒரு மனிசிய நீதிமன்றத்தில ஏத்தின கதையாத்தான் முடியும். இந்த ரிப்போர்ட் ஒரு குடும்பத்துக்குள்ள சாட்சியா நிக்கத் தகுதி இல்லாதது, இத நான் தட்டுக்குப் பக்கத்தில நிண்டு பாக்கிற ஆளா அடிச்சுச் சொல்லுறன்.

பிள்ளைத்தாச்சிமாருக்கு தனியா ஒண்டு சொல்லோணும். கரு கலைஞ்சு போன ஆக்களுக்கும், பிள்ளை தங்காம இருக்கிற ஆக்களுக்கும் டோர்ச் எண்டு ஒரு தொகுதி எழுதுவினம், டொக்சோபிளாஸ்மா, ருபெல்லா, சிஎம்வி, ஹெர்பீஸ் எல்லாம் அதுக்குள்ள வரும். அதில ஹெர்பீஸ் ஐஜிஜி பொசிட்டிவ் எண்டு கண்டிட்டு இதாலதான் பிள்ளை போனது எண்டு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கும். அப்பிடி எடுக்காதீங்கோ. பழைய ஐஜிஜி இருக்கிற தாயின்ர அன்ரிபொடி நஞ்சுக்கொடியால பிள்ளைக்கும் போய் பாதுகாப்பா நிக்கும். ஆபத்து கூடினது கர்ப்பத்தின்ர கடைசி மூண்டு மாதத்தில முதன்முதலா புதுசா தொத்தினாத்தான், அப்ப பிரசவத்தில பிள்ளைக்கு போற சாத்தியம் 30இலயிருந்து 50 வீதம் வரைக்கும் போகும், முந்தியே இருந்த ஆக்களில அது ஒரு வீதத்துக்கும் குறைவு. கடைசி மாதங்களில முதல்தரம் புண் வந்தா, வகை பிரிச்ச ஐஜிஜி உண்மையா உதவுற இடம் அது, புண்ணில இருக்கிற வகைக்கு ரத்தத்தில ஏற்கனவே அன்ரிபொடி இருக்கா எண்டு பாத்து இது புதுசா பழசா எண்டு டொக்டர் பிரிப்பார். கீழ்ப்பக்கம் எப்பவாவது புண் வந்திருந்தா உங்கட பிரசவ டொக்டருக்கு (விஓஜிக்கு) ஒளிக்காம சொல்லுங்கோ, 36 கிழமையிலயிருந்து குளிசை தருவினம், வலி தொடங்கேக்க புண் இருந்தா சிசேரியன் செய்வினம், பிள்ளை சுகமா வரும். எங்கட நாட்டில கிளினிக்கில கர்ப்பிணிகளுக்கு வழமையா செய்யிறது சிபிலிஸுக்கான விடிஆர்எல்லும் எச்ஐவியும், அதில நல்ல பேர் எடுத்து 2019இல தாயிலயிருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் பரவாம ஒழிச்ச நாடு எண்டு உலக சுகாதார அமைப்பின்ர சான்றும் கிடைச்சது. ஹெர்பீஸ் அந்த வழமையான பட்டியல்ல இல்லை, ஆகவே உங்களுக்கு அது செய்யேல்ல எண்டு பயப்பிடவும் வேண்டாம்.

இப்ப புண் இருக்கா? அப்ப ரத்தத்த விடுங்கோ. புண்ணிலயிருந்து ஸ்வொப் எடுத்து பிசிஆர் செய்யிறதுதான் சரியான டெஸ்ட், வைரஸ் இருக்கா, எந்த வகை, எந்த இடம், மூண்டும் ஒரே தரத்தில தெரியும். கொப்புளம் புதுசா ஈரமா இருக்கேக்க, முதல் ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள போயிடோணும், பொருக்குத் தட்டினாப் பிறகு எடுத்த ஸ்வொப் நெகட்டிவ் எண்டு வந்தா அது ஒண்டுமில்லை எண்டதுக்கு ஆதாரம் இல்லை. பார்மசியில ஒரு கிரீம் வாங்கிப் பூசிக்கொண்டு ஒரு கிழமை பாத்திட்டுப் போறன் எண்டு நிக்காதீங்கோ. கீழ்ப்பக்கத்தில புண் எண்டா சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் சேத்துப் பாக்கோணும், சிபிலிஸ் புண் நோகாம வந்து தானா மாறிப் போயிடும், போயிட்டுது எண்டு நினைப்பீங்கள், அது உள்ளுக்க இருக்கும், ஆனா அது மருந்தால முழுசா சுகப்படுத்தக்கூடிய வருத்தம், அத தவறவிடுறதுதான் பெரிய நட்டம்.

எங்க போறது எண்டா, கொழும்பு 10 டீ சேரம் பிளேஸ்ல தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின்ர மத்திய கிளினிக் இருக்கு, தேசிய வைத்தியசாலைக்கு கிட்ட. அரசாங்கம், காசில்லை, வேற டொக்டரின்ர கடிதம் ஒண்டும் தேவையில்லை, உங்கட விவரம் வெளிய போகாது. களுபோவிலயிலயும் ராகமயிலயும் கூட இந்தக் கிளினிக் இருக்கு, யாழ்ப்பாணத்திலயும் இருக்கு. வெள்ளவத்தையில தெரிஞ்ச டொக்டரிட்ட போக வெக்கமா இருக்கு, ஆரும் கண்டிடுவினம் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு இதத்தான் நான் முதல்ல சொல்லுவன், அங்க இருக்கிற வெனரோலொஜிஸ்ட்டுகள் நாளாந்தம் பாக்கிறதே இதத்தான், நாட்டின்ர எஸ்டிடி கிளினிக்குகளில கண்டுபிடிக்கிற பாலியல் தொற்றுகளில பிறப்புறுப்பு ஹெர்பீஸ் முன்வரிசையில நிக்கிற ஒண்டு, உங்களப் பாத்து ஒருத்தரும் முகத்த சுளிக்கப் போறேல்ல. பிரைவேட்டா பாக்கோணும் எண்டா பெரிய ஹொஸ்பிட்டல்களில சனல் பண்ணலாம், வெனரோலொஜிஸ்ட் எண்டு கேட்டு எடுங்கோ.

உறுதியா எச்எஸ்வி 2 தான் எண்டு வந்தாலும் செய்யிறதுக்கு கனக்க இருக்கு. அசைக்ளோவிர், வலசைக்ளோவிர் எண்ட குளிசைகள் புண் வந்த உடன எடுத்தா கெதியா ஆறும், அடிக்கடி வாற ஆக்களுக்கு நாளாந்தம் தருவினம், 2004இல வந்த ஒரு பெரிய ஆய்வில வலசைக்ளோவிர் நாளாந்தம் எடுத்த ஆக்களிட்டயிருந்து துணைக்குத் தொத்திறது கிட்டத்தட்ட அரைவாசியா குறைஞ்சிருக்கு. கொண்டம் முழுசா தடுக்காது எண்டாலும் நல்லா குறைக்கும். புண்ணோ, வாறதுக்கு முதல் வாற அந்தக் கடியோ எரிவோ இருக்கேக்க உறவு வேண்டாம். புண் இல்லாத நாளிலயும் தோலுக்கு மேல வைரஸ் வந்து போகும், அதாலதான் துணைக்குச் சொல்லச் சொல்லுறது. கக்கூஸ் சீட்டால, துவாயால, ஒரே கோப்பையில சாப்பிட்டதால கீழ்ப்பக்க ஹெர்பீஸ் வாறேல்ல, வீட்டில பிள்ளையள தூக்க பயப்பிட வேண்டாம், உதட்டில கொப்புளம் இருக்கேக்க மட்டும் கைக்குழந்தைய கொஞ்சாதீங்கோ. எச்எஸ்வி 2 இருக்கிற ஆக்களுக்கு எச்ஐவி தொத்திற வாய்ப்பு மூண்டு மடங்கு மட்டில கூடுறதால அந்த டெஸ்ட்டையும் டொக்டர் கேப்பார், அதுக்கு மறுக்காதீங்கோ.

துணைக்குச் சொல்லேக்க ரிப்போர்ட்ட வட்ஸ்அப்பில அனுப்பிட்டு போன ஓஃப் பண்ணாதீங்கோ, நேரில இருந்து கதையுங்கோ, ஏலுமெண்டா ரெண்டு பேரும் ஒண்டா கிளினிக் போங்கோ, டொக்டர் வாயால கேட்டா பாதிச் சண்டை அங்கயே அடங்கும். உறுதியாகாத 1.1இலயிருந்து 3க்குள்ள இருக்கிற ரிப்போர்ட் எண்டா, துணைக்கு மறைக்கச் சொல்லேல்ல, ஆனா எனக்கு இருக்கு எண்டு சொல்லாம, ஒரு டெஸ்ட் தெளிவில்லாம வந்திருக்கு, திரும்பச் செய்யப் போறன், அதுவரைக்கும் கவனமா இருப்பம் எண்டு சொல்லுங்கோ, அதுதான் உண்மையும்.

கிளினிக் போகேக்க பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கோ, போனில சூம் பண்ணிக் காட்டேக்க யூனிட்டும் திகதியும் தெரியாமல் போகும். கடைசித் தொடர்பு எந்த மாதம், புண் வந்திருந்தா எந்த இடத்தில எத்தின நாள் இருந்தது, அந்த நேரம் குளிசை ஏதும் எடுத்தனீங்களா எண்டு ஒரு துண்டில எழுதி வையுங்கோ, உள்ளுக்க போனா பதட்டத்தில எல்லாம் மறக்கும். புண் வந்த நேரம் போனில ஒரு படம் எடுத்து வச்சிருந்தா அதையும் காட்டுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்லை, ரெண்டு கிழமைக்குப் பிறகு வெறும் தோல பாத்து டொக்டரால ஒண்டும் சொல்ல ஏலாது. ரெண்டாம் தரம் ரத்தம் குடுத்தா லாப்ல கேட்டு கிட்டின்ர பேரையும் முறையையும் அந்தத் துண்டிலயே எழுதி, முதல் ரிப்போர்ட்டோட சேத்து ஸ்டேப்பிள் பண்ணி வையுங்கோ, ரெண்டு நம்பரையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் டொக்டருக்கு ஏறுதா நிக்குதா எண்டு தெரியும்.